லோகோதெரபி

லோகோதெரபி என்பது, தன் வாழ்வுக்கு ஒரு பொருளைக் கண்டடைய வேண்டும் என்னும் விருப்பமே மனிதனை இயக்கும் முதன்மை விசை என்ற கருத்தின் மீது, வியன்னாவைச் சேர்ந்த நரம்பியல், மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் (1905–1997) உருவாக்கிய உளச்சிகிச்சை முறையாகும். சிக்மண்ட் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வுக்கும் ஆல்பிரட் அட்லரின் தனிமனித உளவியலுக்கும் பின் வந்ததால், இது உளச்சிகிச்சையின் மூன்றாம் வியன்னாப் பள்ளி என்றும் குறிக்கப்படுகிறது. உளவியல் சமயத்தை ஐயத்தோடு நோக்கிய காலத்தில், மருத்துவரின் பணியையும் சமயகுருவின் பணியையும் ஒன்றாகக் குழப்பாமல், நோயாளியின் இறைநம்பிக்கைக்கும் சிகிச்சையில் உரிய இடத்தை அளித்தது இம்முறையின் தனித்தன்மை.

அக்காலச் சூழலை அறிந்தால்தான் இதன் துணிவு விளங்கும். 1927இல் வெளியான தம் நூலொன்றில் ஃபிராய்டு, குழந்தைப் பருவத்தின் ஆதரவற்ற நிலையிலிருந்து எழும் ஏக்கமே தந்தை வடிவான கடவுளாக உருக்கொள்கிறது என வாதிட்டு, சமயத்தை ஒரு மாயையாக விளக்கினார். சமயத்தை மதித்த உளவியலாளர் கார்ல் யுங், அதன் வேரை மனித இனம் முழுமைக்கும் பொதுவான கூட்டு நனவிலியில், அதாவது தனிமனித அனுபவத்துக்கு முற்பட்ட ஆழ்மனப் படிமங்களில் கண்டார். ஃபிராங்கல் இருவரோடும் உடன்படவில்லை. இறைநாட்டம் உந்துதலாக மனிதனைத் தள்ளுவதன்று, அது அவன் தன் பொறுப்பில் மேற்கொள்ளும் முடிவு என்பது, 1948இல் வெளியான 'நனவிலிக் கடவுள்' என்னும் நூலில் அவர் கொண்ட நிலை.

இம்முறை நாஜி வதைமுகாமில் பிறந்தது என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று. அதன் அடிப்படைக் கருத்துகள் 1920களிலும் 1930களிலுமே உருப்பெற்றுவிட்டன. யூதரான ஃபிராங்கல் 1942 செப்டம்பரில் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டபோது, அவற்றை விளக்கும் நூலின் கையெழுத்துப் பிரதி அவரிடம் இருந்தது. 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் அப்பிரதி பறிபோனது. அங்கே தமக்குக் கொடுக்கப்பட்ட, கொல்லப்பட்ட ஒருவரின் மேலங்கிப் பையில், யூதரின் தலையாய வழிபாட்டு உரையான 'ஷெமா' அச்சிட்ட தாள் ஒன்று கிடைத்ததாக அவர் பின்னர் எழுதினார். தந்தை தெரேசியன்ஷ்டாட்டிலும், தாயும் சகோதரரும் ஆஷ்விட்ஸிலும், மனைவி டில்லி பெர்கன்-பெல்சனிலும் மாண்டனர். 1945 ஏப்ரலில் விடுதலை பெற்ற ஃபிராங்கல், இழந்த நூலை மீண்டும் எழுதி 1946இல் வெளியிட்டார். முகாம் அனுபவங்களைக் கூறும் அவருடைய புகழ்பெற்ற நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது.

வாழ்வின் பொருளை மருத்துவர் நோயாளிக்கு வழங்க இயலாது என்பதும், ஒவ்வொருவரும் தம் சூழ்நிலையில் அதைத் தாமே கண்டறிய வேண்டும் என்பதும் லோகோதெரபியின் அடிப்படை விதி. ஒன்றைப் படைத்தோ செயலாற்றியோ பொருளை அடையலாம். இயற்கையையும் கலையையும் துய்ப்பதாலும், பிறரிடம் அன்பு கொள்வதாலும் அடையலாம். இவ்விரு வழிகளும் அடைபட்டு, மாற்றவே முடியாத துன்பம் நேரும்போது, அதை எதிர்கொள்ளும் மனப்பாங்காலும் அடையலாம். மூன்றாவது வழி துன்பத்தைப் போற்றுவதாகத் தவறாகப் படிக்கப்படுவதுண்டு. தவிர்க்கக்கூடிய துன்பத்தின் காரணத்தை நீக்குவதே முதற்கடமை என்றும், வேண்டாத துன்பத்தைத் தாங்குவது வீரமாகாது என்றும் ஃபிராங்கல் ஐயத்துக்கு இடமின்றி எழுதியுள்ளார்.

சமயம் ஆன்மாவின் மீட்பையும், உளச்சிகிச்சை மனநலத்தையும் நோக்கமாகக் கொண்டவை என்பது அவர் வகுத்த வேறுபாடு. சமயம் நாடாமலே மனநலம் அதன் பயனாக விளையலாம், சிகிச்சையின் போக்கில் நோயாளியின் மறைந்த நம்பிக்கை தானே மீளலாம். ஆயினும் ஒன்று மற்றொன்றின் கருவியாகக் கூடாது. நோயாளி தன் நம்பிக்கையில் உறுதியாக நிற்பவராயின், மருத்துவர் அந்நம்பிக்கையின் மொழியிலேயே பேசுவதில் தவறில்லை என்றும் அவர் கருதினார். இதற்கு அவர் காட்டிய சான்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. முதல் மனைவியையும் ஆறு குழந்தைகளையும் ஆஷ்விட்ஸில் பறிகொடுத்த யூத குரு ஒருவர், இரண்டாம் மனைவிக்கு மகப்பேறு வாய்க்காத நிலையில் அவரிடம் வந்தார். குற்றமற்ற தியாகிகளாக இறந்த தம் குழந்தைகள் இருக்கும் விண்ணுலகின் உயர்ந்த இடத்துக்குப் பாவியான தாம் தகுதி பெறப்போவதில்லை என்பதே அவரை வாட்டிய துயரம். அந்தக் குழந்தைகளுக்குப் பின்னும் அவர் உயிர்வாழ நேர்ந்ததன் பொருள், இத்தனை ஆண்டுத் துன்பத்தால் தூய்மையடைந்து அவர்களோடு சேரும் தகுதியைப் பெறுவதாக இருக்கலாகாதா என ஃபிராங்கல் கேட்டார். மனிதரின் கண்ணீரை இறைவன் சேமித்து வைப்பதாகத் திருப்பாடல்கள் சொல்வதையும் நினைவூட்டினார். பல ஆண்டுகளில் முதல்முறையாகக் குரு ஆறுதல் பெற்றார் என்கிறது ஃபிராங்கலின் பதிவு.

இம்முறை நோயாளிக்கு ஆயத்த விடையைத் தந்து, அவருடைய சுதந்திரத்தைப் பறிக்கும் ஆதிக்கப் போக்குக்கு இடம் தருகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ரோலோ மே கண்டித்தார். மேற்கண்ட உரையாடலைப் படிப்பவர் இக்கண்டனத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கேள்வியின் வடிவில் இருப்பினும், அங்கே விடையை முன்வைத்தவர் மருத்துவரே. எனினும் அவர் புதிய கோட்பாடு எதையும் அக்குருவின் மீது சுமத்தவில்லை. குருவின் மரபிலேயே இருந்ததும் துயரத்தால் அவர் கண்ணுக்குப் படாமற்போனதுமான ஒன்றையே சுட்டிக்காட்டினார். அம்மரபில் வேரில்லாத ஒருவரிடம் அதே சொற்கள் வன்முறையாகியிருக்கும்.

ஃபிராங்கலின் கருத்துகளை அளவிட்டுச் சோதிக்கும் முயற்சி, 1964இல் ஆய்வாளர்கள் கிரம்பா, மஹாலிக் ஆகிய இருவரும் அமைத்த 20 வினாக்கள் கொண்ட வாழ்வுநோக்கச் சோதனையால் தொடங்கியது. 2006இல் மைக்கேல் ஸ்டீகரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட 10 கூற்றுகள் கொண்ட வினாப்படிவம், பொருள் இருப்பதாக உணர்வதையும் பொருளைத் தேடிக்கொண்டிருப்பதையும் தனித்தனியே அளக்கிறது. அப்பொருள் எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை என்பதால், இறைநம்பிக்கை உடையோரும் இல்லாதோரும் அதற்கு ஒருபோல விடையளிக்க முடிகிறது.