காகித வெட்டுச் சித்திரம்: ஹெராத் முதல் செய்தித்தாள் வரை

காகித வெட்டுச் சித்திரம் என்பது, மை தீட்டாமல், கூரிய கத்தியால் நீக்கியே உருவம் சமைக்கும் கலையாகும். துர்பானையடுத்த அஸ்தானா கல்லறைகளில் அகப்பட்டவையும், மடித்து வெட்டி விரிக்கப்பட்டவையுமான 6ஆம் நூற்றாண்டு வட்டக் காகிதங்கள், இது சீன தேசத்தில் புராதன காலத்திலேயே வழங்கியதற்குச் சாட்சியம் கூறுகின்றன.

இக்கலை இஸ்லாமிய உலகில் உச்சநிலை எய்தியது, 1469 முதல் 1506 வரை ஹெராத்தை ஆண்ட தைமூர் வம்சத்துச் சுல்தான் ஹுசைன் பைகராவின் சமஸ்தானத்திலாகும். நஸ்தாலிக் எழுத்தின் ஒவ்வொரு வளைவையும் மெல்லிய தாளில் பிசகின்றி வெட்டியெடுத்து, வேற்று வர்ணக் காகிதத்தின்மேல் ஒட்டி, எழுதுகோலே படாமல் ஒரு நூலை உண்டாக்கும் அபூர்வ சாமர்த்தியம் அங்கே நிலவிற்று. சுல்தான் தாமே துருக்கி மொழியில் இயற்றிய கவிதைகள் அம்முறையில் அமைக்கப்பட்ட பிரதியின் ஏடுகள் இன்றும் உள்ளன. ஒஸ்மானியர் இக்கலையைக் காத்தி என்றழைத்தனர். வெட்டியெடுத்த உருவத்தை ஆண் என்றும், அது நீங்கியபின் துளையுடன் எஞ்சும் தாளைப் பெண் என்றும் வகுத்து, இரண்டையும் பயன்படுத்தினர். 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வாழ்ந்த புர்ஸா நகரத்து ஃபக்ரி, காகிதத்திலேயே நந்தவனங்களை நிறுத்திக் கீர்த்தி பெற்றார். பிற்காலத்தில் மங்கிய இம்மரபை, வைத்தியராகவும் கலா ரசிகராகவும் விளங்கிய சுஹைல் உன்வர் 20ஆம் நூற்றாண்டில் புனருத்தாரணம் செய்தார்.

இக்கத்திகள் பெரிதும் நாடியவை மலரும் எழுத்துமே. நட்சத்திரக் கோலங்களோ பிரதானமாகக் கட்டிடக் கலையின் சொத்து. 114 கோலங்களைத் தாங்கி, சுமார் 29 மீட்டர் நீளும் கட்டிடக் கோல வரைவான தோப்காபி சுருளும், ஃபத்தேபூர் சிக்ரியில் சலீம் சிஷ்தி தர்காவின் பளிங்குச் சாளரங்களும் அதை விளக்கும். ஆயினும் அக்கோலங்கள் காகிதத்துக்கென்றே பிறந்தவை போலப் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு: வெட்டப்படும் தாளில் எந்தத் துணுக்கும் தனித்து நிற்கவியலாது, நின்றால் உதிர்ந்துவிடும், க்ஷேத்திரகணிதப் பின்னலிலோ ஒவ்வொரு பட்டையும் அடுத்ததைப் பற்றியே ஓடுகிறது.

செய்தித்தாளைச் சித்திரத்துள் ஒட்டும் வழக்கம் 1912இல் பிக்காஸோ முதலியோரால் பரவிற்று. அதை வெட்டி அழகு செய்வது அண்மைக்கால முயற்சி. அமெரிக்கரான டோனா ரஃப், நியூயார்க் டைம்ஸின் முதற்பக்கத்தில் அகதிகளின் புகைப்படத்தை நிறுத்தி, சுற்றிலுமுள்ள செய்திப் பத்திகளை இஸ்லாமியச் சாளரங்களை நினைவூட்டும் பின்னலாக்குகிறார். மாண்ட்ரியாலைச் சேர்ந்த மிரியம் டியோனும் செய்தித்தாளையே நுண்ணிய சரிகைபோல் வெட்டுபவர். ஹெராத்தின் கத்தி எழுத்தைப் போற்றி எடுத்து நிலைநாட்டிற்று. இன்றைய கத்தி எழுத்தை அப்புறப்படுத்தி, விரைந்து வாசித்துக் கடந்துவிடும் கண்ணை நிற்கச் செய்கிறது. தொடர்ச்சியைவிட இத்தலைகீழ் மாற்றமே, எமது அபிப்பிராயத்தில், அதிகச் சுவாரஸ்யமானது.

கந்தல் துணியாலான பழைய காகிதம் 500 ஆண்டுகளைக் கடந்தும் நிலைத்திருக்க, மரக்கூழாலான செய்தித்தாள், லிக்னின் என்னும் பொருள் அதில் எஞ்சுவதால், ஒளி பட்டதும் சீக்கிரமே மஞ்சளித்து நொறுங்கத் தொடங்குகிறது; ஆகையால் இப்படைப்புகளைப் பேணுவோர்க்கு அமிலமற்ற அட்டையும் மங்கிய வெளிச்சமும் அத்தியாவசியமாகின்றன.