எரியூட்டுச் சாவி முறிவு

எரியூட்டுச் சாவி முறிவு என்பது மகிழுந்தின் (கார்) எரியூட்டுப் பூட்டினுள் சாவியின் ஒரு பகுதி உடைந்து தங்கிவிடுவதைக் குறிக்கும். சாவி என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. திறவுகோல் என்பது இதற்குரிய தமிழ்ச்சொல் ஆகும். சாவி முறிந்தாலும் பெரும்பாலும் பூட்டு பழுதடைவதில்லை. முறிந்த பிறகு பதற்றத்தில் செய்யப்படும் செயல்களே பூட்டைப் பாழாக்குகின்றன.

பூட்டின் அமைப்பு

1949இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் சாவியைத் திருப்பியே இயந்திரத்தைத் தொடங்கும் முறையை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் சாவி மின்சுற்றை இணைக்க மட்டுமே பயன்பட்டது. தொடக்குவதற்குத் தனிப் பொத்தானோ மிதியோ இருந்தது.

எரியூட்டுப் பூட்டுகள் பெரும்பாலும் தகட்டு வகையைச் சேர்ந்தவை. நெம்புகோல் வகையைச் சேர்ந்த திண்டுக்கல் பூட்டிலிருந்து (2019இல் புவிசார் குறியீடு பெற்றது) இவை வேறுபட்டவை. சுழலும் உருளை ஒன்றில் சிறு உலோகத் தகடுகள் வரிசையாக அமைந்திருக்கும். சுருள்வில்கள் இத்தகடுகளை வெளியே தள்ளி, வெளிக்கூட்டின் பள்ளத்தில் மாட்டவைக்கின்றன. சரியான சாவியின் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் உருளையின் விளிம்போடு சமப்படுத்தும்போது உருளை சுழலும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, உருளை திரும்பிய நிலையில் தகடுகள் வெளியே நகர இடமின்றிச் சாவியின் வெட்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். எனவே அந்நிலையில் துண்டை எவ்வளவு இழுத்தாலும் வராது. மற்றொன்று, துண்டு முழுமையாக உள்ளே இருக்குமானால் பூட்டைப் பொறுத்தவரை சாவி உள்ளேதான் இருக்கிறது.

காரணங்கள்

சாவிகள் பித்தளை, எஃகு, நிக்கல் வெள்ளி ஆகியவற்றால் செய்யப்படுகின்றன. (நிக்கல் வெள்ளியில் வெள்ளி கிடையாது; அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை.) பல ஆண்டுப் பயன்பாட்டில் ஆழமான வெட்டு உள்ள இடத்தில் நுண்விரிசல் தோன்றி வளர்கிறது. கனமான சாவிக்கொத்து, சாவியால் மூடிகளை நெம்பும் பழக்கம், பூட்டில் சேர்ந்த தூசி ஆகியவை இதனை விரைவுபடுத்தும்.

பலரும் அறியாத காரணம் திசைமாற்றிப் (ஸ்டீயரிங்) பூட்டாகும். சக்கரம் திரும்பிய நிலையில் வண்டியை நிறுத்தினால், திசைமாற்றித் தண்டைப் பிடித்திருக்கும் தாழ்மீது இழுவிசை ஏறி நிற்கும். அப்போது சாவி திரும்ப மறுக்கும், ஓட்டுநர் வலுவைக் கூட்டுவார், சாவி முறியும். திசைமாற்றியை இடமும் வலமும் மெல்ல அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் தாழ் எளிதில் விடுபடும்.

துண்டை எடுத்தல்

முதலில் உருளை எந்நிலையில் உள்ளது என்று காண வேண்டும். திரும்பிய நிலையில் இருந்தால், மெல்லிய தட்டைத் திருப்புளியைச் சாவித்துளையின் வாயில் மட்டும் வைத்து, சாவியைச் செருகும் நிலைக்குத் திருப்ப வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இதனைச் செய்யக் கூடாது. திசைமாற்றி பூட்டிக்கொண்டால் விபத்து நேரிடும்.

துண்டு சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மூக்குக் குறடு அல்லது கூரிய சாமணம் போதும். உள்ளே இருந்தால், நுண்ணிய பற்களுடைய மெல்லிய ரம்பத் தகட்டைப் பற்கள் வெளிப்புறம் நோக்கியிருக்குமாறு சாவியின் வெட்டுப் பக்கமாகச் செலுத்தி, சிறிதே திருகி, நேராக இழுப்பர். பூட்டுத் தொழிலாளர் இதற்கெனக் கொக்கி முனையுள்ள கருவிகளை வைத்திருப்பர். சிறிதளவு கிராபைட் தூள் (பென்சில் கரி) இடுவது உதவும். காந்தம் எஃகுச் சாவிக்கு மட்டுமே பயன்படும்.

உடைந்த மறுபாதியைச் செருகித் தள்ளுவதும், உடனே ஒட்டும் பசையைத் தடவித் துண்டை இழுக்க முயல்வதும் அறவே தவிர்க்கப்பட வேண்டியவை. பசை தகடுகளில் படிந்துவிட்டால் பூட்டையே மாற்ற நேரிடும். பத்து நிமிட வேலை ஒரு நாள் செலவாகிவிடும்.

துண்டு முழுமையாக உள்ளே இருக்கும்போது திருப்புளியால் உருளையைத் திருப்பி வண்டியைத் தொடங்கவும் இயலும். இஃது அவசரத்திற்கு மட்டுமே உரிய வழி. இயக்கத் தடுப்பி (இம்மொபிலைசர்) உள்ள வண்டிகளில் சாவியின் தலைப்பகுதியிலுள்ள சில்லு பூட்டின் அருகில் இல்லாவிடில் இயந்திரம் இயங்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களில் இது கட்டாயமாக்கப்பட்டது; இந்திய வண்டிகளிலும் இன்று பரவலாக உள்ளது. எனவே உடைந்த தலைப்பகுதியை எறிந்துவிடக் கூடாது.

திருவண்ணாமலையில்

பெருந்திரள் கூடும் கோயில் நகரங்களில் இச்சிக்கல் கூடுதல் அலைச்சலைத் தரும். கார்த்திகைத் தீபத்தின்போது திருவண்ணாமலை நகருக்கு வெளியே தற்காலிக வாகன நிறுத்துமிடங்கள் அமைக்கப்படுவது வழக்கம். ஏறத்தாழ 14 கி.மீ. கிரிவலம் முடித்து நள்ளிரவிலோ விடியலிலோ திரும்புபவர், நெருக்கமாகவும் சக்கரம் திரும்பிய நிலையிலும் நிறுத்தப்பட்ட வண்டியைக் களைப்போடு திறக்கிறார். சாவி முறிவதற்கு இதைவிடப் பொருத்தமான சூழல் இல்லை எனலாம். மாற்றுச்சாவியை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வருவதால் பயனில்லை; உடன் வருபவரிடம் அது இருக்க வேண்டும். திசைமாற்றி பூட்டிய வண்டியைத் தள்ளி ஓரங்கட்டவும் முடியாது.

காலையில் கடைவீதி திறந்ததும் சாவி செய்பவரை நாடலாம். தமிழக ஊர்களில் குடை நிழலில் வெற்றுச்சாவிகளையும் அரத்தையும் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் இவர்கள், இரு துண்டுகளையும் சேர்த்துவைத்து, கண்ணளவிலேயே புதிய சாவியை அராவித் தருவதில் வல்லவர்கள். வண்டியின் பதிவுச் சான்றை (ஆர்.சி.) உடன் கொண்டு செல்வது நல்லது, நேர்மையான தொழிலாளர் அதைக் கேட்பார். சில்லுள்ள சாவியாயின் வெட்டுவதோடு பணி முடியாது. புதிய சில்லை வண்டியின் கட்டுப்பாட்டகத்தில் பதிய வேண்டும்.

புதிய சாவி கிடைத்த பின்னரும் உடைந்த துண்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். வண்டி திருடுபோனால், இழப்பீடு வழங்குமுன் காப்பீட்டு நிறுவனங்கள் வாங்கும்போது தரப்பட்ட இரு மூலச் சாவிகளையும் கேட்பது வழக்கம். ஒன்று இல்லையெனில் அதற்கு விளக்கம் கூற நேரிடும். உடைந்த துண்டுகளே அவ்விளக்கத்திற்குச் சான்றாகும்.