டிரைவர் சீட்டில் யார்? இரவல் கார், வாடகை கார், கொஞ்சம் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு கார் பத்திப் பேசப்போறோம். ஆனா இது கார் ரிவ்யூ கிடையாது. ரிவ்யூ பண்றவங்களுக்கு கம்பெனியே புது வண்டி கொடுக்கும். எனக்கு யாரு கொடுப்பாங்க? சொந்தக் காரும் என்கிட்ட இல்ல. லைசென்ஸ் வாங்கி எட்டு வருஷத்துல நான் ஓட்டினது எல்லாமே ஒண்ணு இரவல், இல்லன்னா வாடகை. பெரியப்பா வீட்டு அம்பாசடர், ஒரு நண்பனோட தாத்தா பத்திரமா வச்சிருக்கிற ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், பெரியம்மாவோட மாருதி 800, அப்புறம் ஆப்ல புக் பண்ணி எடுக்குற வாடகை வண்டிகள்.

சொந்தக் காரா இருந்தா கை பழகிடும். பழகினதுக்கு அப்புறம் அதுல என்ன விசேஷம்னு கவனிக்க மாட்டோம். இரவல் கார்ல அப்படியில்ல. கிளட்ச் எங்க பிடிக்குது, கியர் எப்படி விழுது, கதவு என்ன சத்தம் போடுது, எல்லாமே புதுசாத் தெரியும். இந்த ஒவ்வொரு விஷயத்துக்குப் பின்னாலயும் யாரோ எடுத்த ஒரு முடிவு இருக்கு. சிலது டிசைன் முடிவு, பலது அரசாங்கத்தோட முடிவு. எல்லாத்தையும் வரிசையா வச்சுப் பார்த்தா ஒரே கேள்விக்கு வெவ்வேற காலத்துல சொன்ன பதில் மாதிரி இருக்கு. கேள்வி இதுதான்: இந்தக் காரை யார் ஓட்டப்போறாங்க?

பின் சீட்டுக்காக ஒரு கார்

அம்பாசடர்ல இருந்து ஆரம்பிப்போம். பெரியப்பா வண்டி 1980-கள்ல வாங்கின பெட்ரோல் வண்டி. திருநெல்வேலியிலிருந்து தென்காசி ரோட்டுல ஓட்டினேன். அதை இருபது வருஷம் ஓட்டின டிரைவர் அண்ணன் பக்கத்துல உட்கார்ந்திருந்தார்.

முதல்ல கை தேடுறது கியர். அது தரையில இல்ல, ஸ்டீயரிங் தண்டுலயே இடப்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும். அதனால முன் சீட்டு பெஞ்சு மாதிரி முழுசா ஒரே சீட்டு, மூணு பேர் உட்காரலாம். பவர் ஸ்டீயரிங் கிடையாது. வண்டி நிக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பணும்னா தோள்பட்டையே வேலை செய்யணும். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அதனால முன்னாடி போற பஸ்ஸை இப்ப நாம பார்க்குறதைவிட ரொம்ப தூரத்துலயே பார்த்து வைக்கணும். டிரைவர் அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "தம்பி, வண்டி முழுசா நின்ன பெறவு ஃபர்ஸ்ட் போடுங்க." காரணம் இருக்கு. பழைய கியர்பாக்ஸ்ல முதல் கியருக்கு மட்டும் சிங்க்ரோமெஷ் கிடையாது. அதாவது சுத்துற வேகத்தைச் சமப்படுத்திக் கொடுக்குற பாகம் அங்க இல்ல. ஓடும்போது போட்டா பல்சக்கரம் கத்தும்.

இந்த வண்டியோட அடிப்படை 1950-களில் இங்கிலாந்தில் தயாரான மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3. 1942-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மேற்கு வங்கத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் 1950-களின் கடைசியில் இதை அம்பாசடர் என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் மூலக் கார் 1959-ல் நின்றுபோனது. இங்கே 2014 வரை ஓடியது. முகப்பு கிரில் மாறிச்சு, மார்க் 2, மார்க் 3, மார்க் 4-னு பேர் மாறிச்சு. உடம்பு மாறல.

ஏன் மாறல? 1953-ல் மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது: உதிரிபாகங்களை இறக்குமதி செய்து இங்கே பூட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது, படிப்படியாக உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டன. கார் தயாரிப்பில் மிச்சம் இருந்த முக்கியமான பெயர்கள் மூன்றுதான்: ஹிந்துஸ்தான், பம்பாயில் ஃபியட் தயாரித்த பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதற்கும் உரிமம் வேணும். நாடு முழுக்க வருஷத்துக்கு ஐம்பதாயிரம் கார்கூட வராத காலம். வாங்குறவர் வருஷக்கணக்கில் காத்திருந்தார். கியூ நிக்கிற கடைக்காரர் எதுக்கு சரக்கை மாத்தணும்?

இன்னொரு காரணமும் இருக்குன்னு எனக்குத் தோணுது. அம்பாசடர் வாங்கினவர் பெரும்பாலும் அதை ஓட்டல. அரசு அதிகாரி, மில் முதலாளி, டாக்டர், எல்லாருக்கும் டிரைவர் இருந்தார். கனமான கிளட்சும், தோளை வலிக்க வைக்கிற ஸ்டீயரிங்கும் முதலாளிக்குத் தெரியவே தெரியாது. அவருக்குத் தெரிஞ்சது அகலமான பின் சீட்டும், பள்ளத்துல மெதுவா தூக்கிப்போடுற லீஃப் ஸ்பிரிங்கும்தான். அந்த ரெண்டும் நல்லா இருந்துச்சு. இப்பவும் நல்லாத்தான் இருக்கு.

வண்டலூர்ல ஒரு மாற்று வழி

நடுவுல நம்ம ஊர்க் கதை ஒண்ணு. சென்னையில 1948-ல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டது. வண்டலூர் பக்கம் தொழிற்சாலை. 1961-லிருந்து அங்க ஹெரால்ட் தயாரிச்சாங்க. இத்தாலியைச் சேர்ந்த மிக்கெலோட்டி வரைஞ்ச கார்.

ஹெரால்டை நான் ஓட்டினது மயிலாப்பூர் பக்கம் ஒரு சின்ன தெருவுல. அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சது, இது முழுக்க வேற சிந்தனை. கியர் தரையில, கைக்குப் பக்கத்துல. யூ டர்ன் அடிக்க சுமார் 25 அடி வட்டம் போதும். இதுக்கு 20 வருஷம் கழிச்சு வந்த மாருதி 800-க்கே அதைவிட அதிக இடம் வேணும். பானெட்டைத் திறந்தா பக்கத்து மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமா மொத்தமா கவிழும். இன்ஜின் பக்கத்துல உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். இது ஓட்டுறவரையும், தானே ஸ்பேனர் பிடிக்கிறவரையும் மனசுல வச்சு செஞ்ச கார்.

ஆனா அதே உரிமக் கட்டுப்பாடு, அதே சின்ன எண்ணிக்கை. ஹெரால்டுக்கும் அதோட வழி வந்த கெஸலுக்கும் பிறகு, 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. வெளியே ரோவர் எஸ்டி1-னோட அழகான உடம்பு, உள்ளே பழைய வான்கார்டு காலத்து இன்ஜின். 1988-ல் கம்பெனி கார் தயாரிப்பை நிறுத்தியது.

650 கிலோ

1981-ல் மாருதி உத்யோக் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. 1982-ல் சுசுகியோடு ஒப்பந்தம். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். வாங்கியவர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருவர், குலுக்கலில் பெயர் வந்தவர். விலை சுமார் 47,500 ரூபாய். அமைச்சரும் இல்ல, மில் முதலாளியும் இல்ல, ஒரு சம்பளக்காரர். அந்த ஒரு காட்சியிலயே வரப்போறது தெரியுது.

இப்ப நம்ம இன்ஜினியர் புத்திக்கு ஒரு கணக்கு. அம்பாசடர் எடை 1,100 கிலோவுக்கு மேல, 1489 சி.சி. இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். அதாவது ஒரு குதிரை 22 கிலோ இழுக்கணும். மாருதி 800 சுமார் 650 கிலோ, மூணு சிலிண்டர், 796 சி.சி., 37-ஐ ஒட்டின குதிரைத்திறன். ஒரு குதிரைக்கு 17, 18 கிலோதான். பாதி இன்ஜின்தான், ஆனா சிக்னல்ல பச்சை விழுந்தா அம்பாசடர் கண்ணாடியில சின்னதாப் போயிடும்.

பெரியம்மா வண்டியை ஓட்டும்போது இதையெல்லாம் தாண்டி எனக்குப் பட்டது, அந்த லேசு. கிளட்ச் லேசு, கியர் லேசு, பவர் ஸ்டீயரிங் இல்லாமலே ஸ்டீயரிங் லேசு. கதவைச் சாத்தினா பிஸ்கட் டப்பாவை மூடின சத்தம். நாலு மூலையும் சீட்டுல இருந்தே தெரியும். மேட்டுல ஏசி போட்டா வண்டி மூச்சு வாங்கும், அதுவும் உண்மை. பக்கத்துல லாரி போனா ஒரு ஆட்டம் ஆடும், அதுவும் உண்மை.

பெரியம்மா பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டுல அம்பாசடர் இருந்த காலம் முழுக்க அவங்க பின் சீட்டுதான். அதுவும் டிரைவர் அண்ணன் இருந்தால்தான் வெளிய போக முடியும். 1996-ல் ஒரு செகண்ட் ஹேண்ட் 800 வாங்கி, நாற்பது வயசுல ஓட்டக் கத்துக்கிட்டு, தினமும் ஸ்கூலுக்கு அதுலதான் போனாங்க. "அந்தப் பெரிய வண்டி ஸ்டீயரிங்கை நான் தொட்டதே இல்லடா. தொடணும்னு தோணினதும் இல்ல. இதைப் பார்த்தப்பதான் நம்மளாலயும் முடியும்னு தோணிச்சு"ன்னு சொன்னாங்க.

கார் ஒண்ணுதான் இதுக்குக் காரணம்னு சொல்ல மாட்டேன். ஓசூர்ல இருந்து 1980-லயே டிவிஎஸ் 50 வந்து, கியர் தெரியாமலே வண்டி ஓட்டலாம்னு காட்டிடுச்சு. பெண்களோட சம்பளம், வேலை எல்லாம் சேர்ந்துதான் இந்த மாற்றம். ஆனா ஒரு பொருள் கனமா இருந்தா அது யாரையோ வெளிய நிறுத்தி வைக்கும். கிளட்ச் பெடலும் ஒரு கதவுதான். 800 அந்தக் கதவை லேசாக்கிச்சு.

டிரைவர் அண்ணன் என்ன ஆனார்?

முதலாளிகள் தாங்களே ஓட்ட ஆரம்பிச்சா டிரைவர் எங்க போவார்? 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது, அதே வருஷக் கடைசியில் டாடா இண்டிகாவும். இண்டிகா டீசல் வந்ததும் கால் டாக்சிக் கணக்கு கூடி வந்துச்சு. நம்ம டிரைவர் அண்ணன் 2000-களில் கடன் போட்டு ஒரு இண்டிகா வாங்கினார். சம்பளத்துக்கு ஓட்டினவர் தவணைக்கு ஓட்டினார். "சொந்த வண்டி, சொந்த டென்ஷன்" என்பது அவர் கணிப்பு. டீசல் விலை ஏறினா முதலாளி பார்த்துக்கிட்ட காலம் போயி, ஒவ்வொரு ரூபாயும் அவர் தலையில.

2014

இந்தக் கதையில ஒரு வருஷத்தை வட்டம் போடணும்னா 2014-ஐப் போடுவேன். ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது. சென்னை உட்பட 13 நகரங்களில் 2010-லேயே, பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தபோதே, அதன் விற்பனை நின்றிருந்தது. அதே ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சின்ன கார்களின் அடிப்படை மாடல்களை மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் ஒன்றுக்குக்கூட ஒரு ஸ்டார் கிடைக்கவில்லை. லேசான கார் கொடுத்த சுதந்திரத்துக்கு ஒரு விலை இருந்தது என்பது அப்பதான் எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சது. மே மாதம் அம்பாசடர் தொழிற்சாலையும் நின்றது.

நடுவுல பிப்ரவரியில் செலேரியோ வந்தது, ஏஎம்டி கியரோட. குறைஞ்ச விலைக் கார்ல கிளட்ச் பெடலே இல்ல. 800 லேசாக்கின கதவை இது கழட்டியே வச்சிடுச்சு.

வாடகைக்கு நான் அதிகம் எடுக்குறது இந்த வகை வண்டிதான். ரெண்டாவதுல இருந்து மூணாவது மாறும்போது தலை முன்னாடி ஒரு தடவை ஆடும். காரணம் எளிது. உள்ளே இருக்குறது அதே பழைய மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளட்ச். அதை அழுத்துறது மட்டும் நம்ம காலுக்குப் பதிலா ஒரு மோட்டார். எங்க பாஷையில சொன்னா, பழைய கோடை யாரும் திருத்தல, மேல ஒரு ரேப்பர் எழுதிட்டாங்க. அது கிளட்சை அழுத்துற அந்த அரை நொடியில இழுவை இருக்காது, அதான் தலையாட்டல். கியர் மாறுற நேரத்துல ஆக்சிலரேட்டரை லேசா விட்டுக் கொடுத்தா ஆட்டம் குறையும். பழைய டிரைவர்கள் செஞ்ச அதே வேலை, கால் மட்டும் மாறியிருக்கு.

கறுப்புப் பலகை

கடைசியா, வாடகை. நாமளே ஓட்டுற வாடகைக் கார் சட்டப்படி புதுசு இல்ல. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 1989-லேயே ரென்ட் எ கேப் திட்டம் வந்தாச்சு. ஆனா உரிமம் வேணும்னா குறைஞ்சது 50 வண்டி வச்சிருக்கணும். நாலு வண்டிக்காரர் உள்ளே வர முடியாது. அதனால ரொம்ப காலம் வாடகைக் கார்னா நமக்கு டிரைவரோட வர்ற வண்டிதான். 2013-ல் பெங்களூரில் ஜூம்கார் வந்த பிறகுதான் போன்ல புக் பண்ணி நாமளே ஓட்டுற பழக்கம் பரவிச்சு. கறுப்புப் பலகையில மஞ்சள் எழுத்து பார்த்தா அது அந்த வகை.

வாடகை வண்டியில ஏறினதும் ப்ளூடூத் லிஸ்ட்டைப் பாருங்க, முப்பது பேர் போன் பேர் இருக்கும். மேனுவல் வண்டின்னா கிளட்ச் மேல வந்து பிடிக்கும். முப்பது இடது கால் அதைத் தேய்ச்சிருக்கு. அம்பாசடர் ஒரே ஒருத்தர் கைக்குப் பழகின வண்டி. இது யார் கைக்கும் பழகாத வண்டி.

எனக்குப் பழைய காலம் திரும்ப வேண்டாம். பெரியம்மா பின் சீட்டுலயே இருந்திருப்பாங்க. ஆனா பின் சீட்டுல இருந்தவங்க முன்னாடி வந்த அதே வருஷங்கள்ல, ஓட்டுறதே தொழிலா இருந்தவருக்கு அந்தத் திறமைக்கான மரியாதை குறைஞ்சிருக்கு. ரெண்டையும் சேர்த்துதான் இந்த வரலாற்றை எழுதணும்.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல முதல் கார் எதுன்னு கேக்காதீங்க, அது எல்லாரும் சொல்லிடுவாங்க. அதை யார் ஓட்டினாங்க, யாருக்கு ஓட்டத் தரலன்னு கேளுங்க. ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்பினா அடுத்த எபிசோட்ல சேர்த்துப் பேசுவோம்.