பிறப்புப் பருவமும் தண்டுவட மரப்பு நோயும்

தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்), மூளை, தண்டுவட நரம்பிழைகளின் மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே சிதைக்கும் நோய்.

கனடா, பிரிட்டன், டென்மார்க், சுவீடன் ஆகியவற்றின் 42,045 நோயாளர்களை ஆராய்ந்த 2005ஆம் ஆண்டு ஆய்வு, அவர்களுள் மே மாதத்தில் பிறந்தோர் மிகுதி, நவம்பரில் பிறந்தோர் குறைவு என்றது. ஆஸ்திரேலியாவில் இப்போக்கு தலைகீழாக இருந்தது. குளிர்காலக் கர்ப்பத்தில் வெயில் குறைந்து, தாயின் வைட்டமின் டி அளவு சரிவது காரணமாக இருக்கலாம் என்பர். பிறந்த இடம், ஆண்டு ஆகியவற்றின் வேறுபாடுகளே இத்தோற்றத்தைத் தரக்கூடும் என 2013இல் மறுப்பு எழுந்தது.

இலங்கையில், வட அகலாங்கு 7.5 பாகையை ஒட்டிய மாத்தளையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வேறுபாடுகூட இல்லை. குளிர்கால விளக்கம் இங்கு அப்படியே பொருந்தாது. நிலநடுக்கோட்டை அண்டிய நாடுகளில் இந்நோய் பொதுவாக அரிது. பிறந்த மாதம் மட்டுமே எவருக்கும் நோயை விதிப்பதில்லை.