தோட்டத்து போர்டோடு நின்றுபோன அரசாங்கக் காசு

எங்களில் பாதிப்பேர் ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். ஸ்கூல் விட்டு வரும்போது எல்லாரும் ஒரு விசயத்தைக் கவனித்திருப்போம். டவுனிலிருந்து வரும் தார் ரோட்டு, தோட்டத்துப் பெயர்ப்பலகை நிற்கிற இடத்தில் அப்படியே நின்றுவிடும். அதுக்கு மேல கல்லும் சேறும்தான். மழை நாளில் ஆட்டோக்காரர் அங்கேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். சுகமில்லாதவர்களைக் கம்பளியில் கட்டித் தூக்கிவந்த கதை ஒவ்வொரு லயத்திலும் உண்டு. ஏன் இப்படின்னு பெரியவங்ககிட்ட கேட்டா ஒரே பதில்தான்: "அது தோட்டத்து ரோட்டு. சபைக் காசு அதுக்கு வராது."

அது யாரோ ஒருவரின் அலட்சியம் என்றுதான் நாங்கள் ரொம்ப நாள் நினைத்திருந்தோம். பிறகுதான் புரிந்தது, அது அரசாங்கக் காசை எங்கே செலவழிக்கலாம், எங்கே செலவழிக்கக்கூடாது என்ற விதியின் விளைவு. அந்த விதிக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

முதலில் விதியைப் பார்ப்போம். வழக்கமாக நவம்பரில் நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்ட உரையை வாசிப்பார். மலையகத்துக்கு இத்தனை மில்லியன் என்று கேட்டதும் காசு கைக்கு வந்த மாதிரி நாம் சந்தோசப்படுகிறோம். ஆனா உரை என்பது காசு இல்லை. நாம் கட்டும் வரியெல்லாம் திரட்டு நிதியத்துக்குப் போகிறது. 1978 அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரைப்படி, பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு உரியது. 150ஆம் உறுப்புரைப்படி, பாராளுமன்றமோ ஒரு சட்டமோ அனுமதித்த காரியத்துக்குத்தான், அதுவும் நிதியமைச்சர் கையெழுத்திட்ட எழுத்தாணை இருந்தால்தான், அந்த நிதியத்திலிருந்து காசை வெளியே எடுக்கலாம். அதற்காகவே வருசா வருசம் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேற்றுகிறார்கள். ஒதுக்கிய தொகை டிசம்பர் 31க்குள் செலவாகாவிட்டால் அந்த அனுமதி காலாவதி. செலவான பிறகு கணக்காய்வு வரும். அனுமதி இல்லாத காரியத்துக்குச் செலவழித்திருந்தால், பொறுப்பானவர் தன் கையிலிருந்தே கட்டவேண்டி வரலாம்.

பொதுக் காசைத் தனியார் சொத்தில் கொட்டக்கூடாது என்பதும் இந்த வகை விதிதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனா எது பொது, எது தனியார் என்று யார் முடிவு செய்வது? மலையகத்தின் கதை இந்தக் கேள்வியில்தான் சிக்கிக் கிடக்கிறது.

இலங்கையில் பட்ஜெட் யார் கையில் என்று பெரிதாகச் சண்டை வந்தது 1864இல். இராணுவச் செலவை இலங்கை வருமானத்திலிருந்து எடுக்கும்போது அதில் எங்களுக்கு ஏன் அதிகாரமில்லை என்று கேட்டு, சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் அந்த வருசம் நவம்பரில் வெளியேறினார்கள். அவர்களுக்கு முன்னணியில் நின்றவர் கோப்பித் தோட்டத் தொழிலோடு சேர்ந்த ஜோர்ஜ் வோல். நம்ம காசை நம்மைக் கேட்காமல் செலவழிக்காதே என்ற குரல் இந்தத் தீவில் துரைமார் பக்கமிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்குப் பொதுக் காசு கிடைக்காமலும் போகவில்லை. 1867இல் கண்டிக்கு வந்த ரயில், 1885இல் நானுஓயாவைத் தொட்டது. கோப்பியும் பிறகு தேயிலையும் கொழும்புக்கு இறங்கத்தான் அந்தப் பாதை.

அதே காலத்தில் லயத்தில் இருந்த எங்கள் முன்னோர் வரி கட்டாதவர்களா? இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த அரிசிக்கு இறக்குமதித் தீர்வை இருந்தது. அந்த அரிசியைத் தின்றவர்கள் அவர்கள்தான். வருமான வரி ரசீது இல்லை என்பதற்காக வரி கட்டவில்லை என்று ஆகிவிடாது. இன்றைக்கும் மாவு, சோப், போன் ரீலோட் என்று நாம் வாங்கும்போதே வரி போய்விடுகிறது, இல்லையா?

ஆனா பதிலுக்கு வரவேண்டியது வேறு வாசல் வழியாக வந்தது. 1872இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியச் செலவைத் தோட்டங்களின் தலையில் போட்டது. அது அன்றைக்கு ஒரு பாதுகாப்பாகவும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனா அதோடு ஒரு பழக்கமும் வேரூன்றியது. தொழிலாளி, பிள்ளை, வைத்தியம், வீடு எல்லாம் தோட்டத்தின் பொறுப்பு. அரசாங்கம் தோட்டத்தோடு பேசும், தோட்டத்து மனுசரோடு பேசாது.

1937இல் கிராமச் சங்கங்களைப் பற்றிய சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டங்களில் வசிக்கும் தொழிலாளருக்கு அந்தச் சங்கங்களில் வாக்கு இல்லாமல் செய்தார்கள். பத்து வருசம் கழித்து, 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருசமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏழு இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் நாடற்றவர்களானார்கள். 1949இல் வாக்கும் போனது. பாராளுமன்றத்தில் கை தூக்க ஆளில்லாத சனத்துக்குப் பட்ஜெட்டில் யார் பங்கு கேட்பார்?

அடுத்து நடந்ததுதான் ரொம்ப விசித்திரம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1987இல் பிரதேச சபைகள் சட்டம் நிறைவேறியபோது பெருந்தோட்டங்கள் அரசுக் கூட்டுத்தாபனங்களிடம்தான் இருந்தன. இருந்தும், தோட்டத்துக்குள் சபை செலவழிக்க அந்தச் சட்டம் வழிவிடவில்லை. எல்லாரும் சுட்டிக்காட்டியது அதன் 33ஆம் பிரிவை. 1988இல் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1991 உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் ஆட்கள் வாக்குப் போட்டார்கள். சபைக்கு ஆளைத் தெரிவுசெய்யலாம், அந்தச் சபையின் காசு மட்டும் வீட்டுப் படிக்கு வராது! 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. பிறகு 2045 வரை நீளும் குத்தகை. காணி இன்னமும் அரசாங்கத்துடையது, ஆனா கேட்டா பதில் "தனியார் தோட்டம்".

இதற்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. நாட்டில் பத்தாயிரம் பேர்கூட இல்லாத பிரதேசங்களுக்கும் தனிச் சபை இருந்தபோது, நுவரெலியா, அம்பகமுவ பிரதேசங்களில் தலா இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே ஒரு பிரதேச சபை. 2017இல்தான் அந்த இரண்டும் ஆறாகின: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. 2018இல் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள்ளும் சபைகள் பொது வேலைகளைச் செய்ய வழி பிறந்தது. அதே வருசம் மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகார சபையும் சட்டமாக வந்தது. சட்டம் வந்து 31 வருசம் கழித்துக் கிடைத்த திருத்தம் இது. இதற்காகப் பேசியவர்கள், எழுதியவர்கள், தொழிற்சங்கக்காரர்கள் எல்லாருக்கும் நாங்கள் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனா ஒன்றைக் கவனியுங்கள். செலவழிக்க அனுமதி கிடைப்பது வேறு, செலவாவது வேறு. சிறிய சபைகளின் வருமானமும் சிறியது. காணி கம்பனியின் குத்தகையில் இருப்பதால் நிர்வாகத்தோடு பேசாமல் ஒரு கானைக்கூட வெட்டுவது கஷ்டம்.

பெரிய பட்ஜெட்டிலும் இதே கதைதான். 2019இல் தொழிலாளருக்கு மேலதிகமாக 50 ரூபா என்று பேசிப் பேசியே வருசம் போனது; கைக்கு வரவில்லை. 2026 பட்ஜெட்டில் நாட்சம்பளத்தை 1,350இலிருந்து 1,550 ஆக்கி, அதன் மேல் வரவுக்கான ஊக்கத்தொகையாக 200 ரூபாவை அரசாங்கமே கொடுக்கும் என்று சொல்லி, 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். உடனே பழைய கேள்வி திரும்ப எழுந்தது: தனியார் கம்பனித் தொழிலாளிக்குப் பொதுக் காசா?

இந்தக் கேள்வியை நாங்கள் தள்ளிவிடவில்லை. கம்பனி கொடுக்கவேண்டிய சம்பளத்தைத் திறைசேரி கொடுத்துக்கொண்டே இருந்தால், இலாபம் ஒரு பக்கம், செலவு இன்னொரு பக்கம் என்றாகிவிடும். ஆனா ரோட்டுக்கும் தண்ணிக்கும் காசு கேட்டபோதும் சொன்ன பதில் இதேதான். சம்பளம் கம்பனியின் கடமை. ரோட்டு, தண்ணி, பள்ளிக்கூடம் பிரஜைக்கு அரசாங்கம் செய்யவேண்டியது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் இவ்வளவு காலம் இரண்டுமே ஒழுங்காகக் கிடைக்கவில்லை. மூட்டையைப் பிரிக்க ஒரு வழி, லயங்கள் நிற்கும் காணியும் அதற்குப் போகிற பாதையும் சனத்தின் பெயருக்கு, கிராமமாக, மாறுவது. அப்போ "தனியார் சொத்து" என்ற பதிலுக்கு இடமே இல்லை.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதி உங்கள் பிரதேச சபையில் கொடுங்கள். போன வருசம் எங்கள் தோட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? டிசம்பர் 31க்குள் எவ்வளவு செலவானது? மிச்சம் எங்கே போனது? பதில் வந்ததும் எங்களுக்கும் எழுதுங்கள். தார் எந்த போர்டோடு நிற்கிறது என்பதை நாம் எல்லாரும் சேர்ந்து குறித்துவைப்போம்.