பாவு நீட்டிய தெருவிலிருந்து இந்தூர் வரை

1987-ஆம் ஆண்டு. நம் கல்லூரி இயற்பியல் வகுப்பு. ஆசிரியர் செய்தித்தாளை மேஜையில் விரித்து, "மின்தடையே இல்லாத பொருளை இனி திரவ நைட்ரஜனை ஊத்தியே பாத்திடலாம்ப்பா!" என்றார். 1911-ல் பாதரசத்தில் கண்ட மீக்கடத்துதிறனுக்கு மைனஸ் 269 டிகிரி குளிர் வேண்டியிருந்தது. இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த புதுப் பொருளுக்கோ மைனஸ் 180 போதும். பொடியை அரைத்து, உலையில் சுட்டே செய்துவிடலாம்.

"ஏன் சார் இப்படி நடக்குது?" என்று கேட்டேன்.

"உள்ளே அணுக்கள் எப்படி உக்காந்திருக்குன்னு பாக்கணும். அதுக்கு சிங்க்ரோட்ரான் ஒளி நல்லது. நம்ம நாட்டுல இன்னும் வரல."

அதோடு விட்டுவிட்டேன். அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதெல்லாம் எட்டாது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

ஆனால் இந்தூரில் 1984-லேயே அணுசக்தித் துறை ஒரு மையம் தொடங்கிவிட்டது. 1999-ல் இண்டஸ்-1, 2005-ல் இண்டஸ்-2 ஒளிர்ந்தன. பின்னது 172 மீட்டர் சுற்றளவுள்ள வளையம். ஒளிவேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான்களைக் காந்தம் வளைக்கும்போது எக்ஸ் கதிர் தெறிக்கும்.

அந்தக் கதிரைப் பொருள்வரை கொண்டுவரும் பாதைதான் பீம்லைன். வெற்றிடக் குழாயில் கொண்டுவந்து, சிறு பிளவுகளால் ஒடுக்கி, இரண்டு சிலிக்கான் படிகங்களில் பட்டுத் திரும்பச் செய்து, வேண்டிய ஆற்றலை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். படிகம் மயிரிழை சாய்ந்தாலும் ஆற்றல் மாறிவிடும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் அங்கே அமைத்த பீம்லைனில், தாமிர அணுவுக்கு எத்தனை தூரத்தில் ஆக்சிஜன் இருக்கிறது என்று அளக்கலாம். அந்த ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் மீக்கடத்தும் குணமே போய்விடும் என்பதால், இந்த அளவு முக்கியம்.

சில ஆண்டுகளுக்கு முன் அனுமதி வாங்கிப் போய்ப் பார்த்தேன். எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. தெருவில் பாவு நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி, இழை நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். அட, இதுவும் அந்த வேலைதானே! நேர் பிடிக்கும் பொறுமை நம் ஊர்ச் சொத்து என்றால் மிகையாகாது.

தம்பி தங்கைகளே, பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்பி, ஏற்கப்பட்டால் அங்கே நேரம் பெறலாம். அருப்புக்கோட்டையோ, திருச்சுழிக் கரிசலோ, ஊரைப் பார்த்து யாரும் கதவடைப்பதில்லை. நான்தான் தட்டவே இல்லை. நான் எழுதாமல் விட்ட விண்ணப்பத்தை நீங்கள் எழுதுங்கள்.