என்றார் பிறரும்

கும்பகோணம் கல்லூரியில் 1880ஆம் ஆண்டு தமிழாசிரியராகப் பணியேற்ற உ. வே. சாமிநாதையர், அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததும், அதன் பயனாகச் சீவகசிந்தாமணியைக் கையிலெடுத்ததும் தமிழுலகம் பலகால் பேசி மகிழ்ந்த செய்திகள். அந்நூலுக்கு நச்சினார்க்கினியர் வகுத்த உரையைப் படிக்கப் புகுந்தபோது ஐயரவர்களைத் திகைக்க வைத்தவற்றுள் ஒன்று, உரையிடையே வந்துகொண்டேயிருந்த மேற்கோள்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுவார் உரைகாரர்; சான்றாக ஓரடியைக் காட்டுவார்; 'என்றார் பிறரும்' என்று முடித்துவிடுவார். எந்த நூல், எந்தப் புலவர் என்பதற்குக் குறிப்பு இராது. அந்தப் 'பிறர்' யார் என்று தேடிப் புறப்பட்ட பயணமே, ஏடுகளுக்குள் உறங்கிக் கிடந்த பத்துப்பாட்டுக்கும் எட்டுத்தொகைக்கும் அவரைக் கொண்டு சேர்த்த வழிகளுள் ஒன்றாயிற்று. ஏடுகளைத் திருப்பிச் செல்கையில், உரையில் பெயரின்றி நின்ற அடிகள் தம் சொந்த வீட்டில் எதிர்ப்பட்டன.

உரையாசிரியர் பெயர் சொல்லாதது குற்றமா? அவர் காலத்தை எண்ணிப் பார்த்தால் குற்றம் என்று சொல்ல மனம் வராது. அவருக்கு முன் அமர்ந்திருந்த மாணாக்கர் அந்நூல்களை நெட்டுருச் செய்தவர்கள். ஓரடியின் முதற்சீர் காதில் விழுந்ததும் முழுப்பாட்டும் அதனைப் பாடியவர் பெயரும் நினைவில் எழும். அவர்களிடம் போய் இது நெடுநல்வாடை, இது நற்றிணை என்று சொல்வது மிகையாகவே தோன்றியிருக்கும். அந்த மாணாக்கர் பரம்பரை அறுந்துபோகும் நாள் ஒன்று வருமென்பதை அவர் எண்ணியிருக்க இடமில்லை. பரம்பரை அறுந்தது, 'பிறர்' பிறராகவே நின்றார்.

எல்லா உரைகாரரும் இப்படியே இருந்தார் என்பதும் இல்லை. சிலப்பதிகாரத்திற்கு உரைசெய்த அடியார்க்குநல்லார் தாம் துணைக்கொண்ட நூல்களைப் பெயர்சுட்டியே சொல்கிறார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்னும் ஐந்தும் அவர் வாய்மொழியால் நாம் பெற்ற பெயர்கள். இசையும் கூத்தும் பற்றிய நூல்களைப் பலரும் கற்றிலர் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். யாப்பருங்கல விருத்தியுரைகாரரோ இவ்வகையில் இன்னும் தாராளமானவர். அவிநயனார், காக்கைபாடினியார், பல்காயனார், மயேச்சுரர், நத்தத்தனார் என்று யாப்பாசிரியர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவர் சூத்திரத்தைக் கொண்டே காட்டுகிறார். இத்தனைபேர் பெயரைக் காத்துத் தந்த அவ்வுரைகாரரின் சொந்தப் பெயர் ஐயத்திற்கிடமின்றி நமக்குக் கிடைக்கவில்லை என்பது தமிழ் வரலாற்றின் விளையாட்டுகளுள் ஒன்று.

பிறர் கருத்தை எடுத்தாளுவதற்கு நம் இலக்கணிகள் முறையும் வகுத்திருந்தனர். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் எழுவகை மதங்களைச் சொல்கிறார். பிறர் கருத்துக்கு உடன்படுவது, அதனை மறுப்பது, முதலில் உடன்பட்டுப் பின்னர்க் களைவது, தானே ஒன்றை நாட்டி நிறுவுவது, இருவர் முரண்பட்ட இடத்து ஒருவர் பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றம் காட்டுவது, எவரோடும் சாராது தன் வழியே நிற்பது என்பன அவை. இப்பகுதியை மாணவர் மனப்பாடப் பகுதியாக மட்டும் கருதிக் கடந்துவிடுவது வழக்கம். ஆயினும், ஓர் ஆசிரியன் மற்றோர் ஆசிரியனை ஏன் குறிப்பிடுகிறான் என்ற வினாவுக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சொல்லப்பட்ட விடை இதில் அடங்கியுள்ளது. அமெரிக்க அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு 1965இல் இதே வினாவை எழுப்பி, ஆய்வாளர் பிறரை மேற்கோள் காட்டுவதற்குப் பதினைந்து காரணங்களைப் பட்டியலிட்டார். முன்னோர்க்கு மரியாதை செய்வது, பிறர் கருத்தைத் திருத்துவது, மறுப்பது முதலானவை அதில் உண்டு. பவணந்தியாரை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரே தொழிலைக் கூர்ந்து பார்த்த இருவர் கண்ணில் ஒத்த பொருள்கள் பட்டிருக்கின்றன.

மேலைநாட்டில் இத்துறை வளர்ந்த கதை வேறு. வழக்குத் தீர்ப்பு ஒன்றைப் பின்வந்த தீர்ப்புகள் எவையெவை எடுத்தாண்டன என்று காட்டும் சுட்டியை ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர் 1873இல் அமெரிக்க வழக்கறிஞர்களுக்காகத் தொடங்கினார். 1927இல் கிராஸ் என்னும் பெயருடைய இருவர், சிறிய கல்லூரி நூலகங்கள் எந்த வேதியியல் இதழ்களை வாங்கலாம் என்று தீர்மானிக்க, ஓர் இதழின் ஓராண்டு அடிக்குறிப்புகளை எண்ணிப் பார்த்தனர். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய சீ. இரா. அரங்கநாதன், நூலகப் பணிகளை எண்ணும் அளவும் கொண்டு ஆராயும் துறை ஒன்று வேண்டுமென 1948இல் இங்கிலாந்தில் நடந்த நூலகர் மாநாட்டில் எடுத்துரைத்தார். ஷெப்பர்டின் முறையை அறிவியலுக்குக் கொண்டுவரலாம் என்று கார்ஃபீல்டு 1955இல் எழுதினார். அடுத்த பத்தாண்டுக்குள் அறிவியல் மேற்கோள் சுட்டி தொகுதி தொகுதியாக வெளிவரலாயிற்று. தேடுவதற்கென்று செய்த கருவி, நாளடைவில் எடைபோடும் தராசாயிற்று. யாரை எத்தனைபேர் சுட்டினர் என்ற எண்ணிக்கை பதவிக்கும் நல்கைக்கும் அளவுகோலாயிற்று. நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிகள் கட்டுரைகளுக்குப் புள்ளியிட்டன. ஒருவர்க்கு மேற்பட்டோர் எழுதிய கட்டுரையின் புள்ளியை எவ்வாறு பங்கிடுவது என்பதையும் வகுத்தன. பாகப்பிரிவினைப் பத்திரம் படிப்பது போன்ற உணர்வு அவ்விதிகளைப் படிக்கையில் எழுவதைத் தவிர்க்க இயலாது.

கார்ஃபீல்டின் கட்டுரைக்குப் பதினெட்டாண்டு முன்னர், 1937இல், ஐயரவர்களின் குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்தது. அதில் செய்யுட்களுக்குரிய குறிப்புகளோடு 'மேற்கோளாட்சி' என்றொரு பகுதி உண்டு. அப்பாட்டின் எந்த அடியை, எந்த உரைகாரர், எந்த நூற்பாவின் உரையில், எதற்காக எடுத்தாண்டார் என்பதெல்லாம் அங்கே நிரல்பட நிற்கும். குறுந்தொகைச் செய்யுட்களுள் சரிபாதிக்கு மேற்பட்டவை இவ்வாறு எடுத்தாளப்பட்டவை. ஒரு நூலிலிருந்து அதன்பின் வந்தோரை நோக்கிச் செல்லும் இச்சுட்டியும் அமெரிக்கர் செய்த சுட்டியும் அமைப்பால் ஒன்றே. கணிப்பொறி இல்லை, நிதியில்லை. ஓலையும் கையெழுத்துக் குறிப்பேடும் ஒரு மனிதரின் நினைவாற்றலுமே முதலீடு. நோக்கந்தான் வேறு. எந்தப் புலவர் பெரியவர் என்று அறிய ஐயரவர்கள் எண்ணவில்லை. ஏடு சிதைந்த இடத்தில் உரைகாரர் காட்டிய பாடம் கைகொடுக்கும். உரைகாரர் பெயர் மறைத்த இடத்தில் ஏடு கைகொடுக்கும். ஒன்றன் ஓட்டையை மற்றொன்றால் அடைக்கும் வேலை அது.

நூலாசிரியர் யார் என்னும் வினாவுக்கும் மேற்கோளே பலமுறை விடை தந்திருக்கிறது. சி. வை. தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றியபோது, உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையது என்றே வெளியிட்டார். அவர் செய்த தொண்டின் பெருமைக்கு இதனால் குறைவில்லை. கிடைத்த ஏடுகள் அப்படி. 1902இல் தோன்றிய 'செந்தமிழ்' இதழின் முதல் ஆசிரியரான ரா. இராகவையங்கார், பின்னான்கு இயல்களின் உரையை நச்சினார்க்கினியரின் பிற உரைகளோடு வைத்து ஒப்பிட்டு, அது பேராசிரியர் உரை என நிறுவினார். பதினேழு ஆண்டுகளாக ஒருவர் பெயரில் வழங்கிய உரை, அதன் உண்மை உடையவரிடம் திரும்பியது. இங்கும் ஒரு சிக்கல் உண்டு. பேராசிரியர் என்பது இயற்பெயரா? இளம்பூரணரைப் பின்வந்தோர் 'உரையாசிரியர்' என்ற பொதுச்சொல்லாலேயே சுட்டினர். திருக்கோவையாருக்கு உரைசெய்த பேராசிரியரும் தொல்காப்பியப் பேராசிரியரும் ஒருவரா இருவரா என்ற வழக்கும் நெடியது. ஔவையார் எத்தனைபேர், நக்கீரர் எத்தனைபேர் என்ற வினாக்களைத் தமிழ் மாணவர் அறிவர். ஒரே பெயர்கொண்ட பலரைப் பிரித்தறிய முடியாமல் இன்றைய மேற்கோள் சுட்டிகளும் இதே இடத்தில்தான் இடறுகின்றன. ஆய்வாளர் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுத்து அவர்கள் சமாளிக்கின்றனர்.

ச. வையாபுரிப் பிள்ளை 1940இல் சமாஜப் பதிப்பாகச் சங்க இலக்கியத்தை வெளியிட்டபோது, தொகைநூல் வரிசையை விட்டுப் புலவர் வரிசையில் பாடல்களை அடுக்கினார். ஒரு கவிஞரின் பாடல்கள் அனைத்தையும் ஓரிடத்தில் படிக்கும் வாய்ப்பு அன்றுதான் கிட்டியது. புலவர் 473 பேர்; ஆசிரியர் பெயர் காணாப் பாடல்கள் 102. அந்த 473 பேரிலும் சிலர்க்குப் பெயர், அவர்தம் பாட்டிலிருந்தே எடுக்கப்பட்டது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர், குப்பைக்கோழியார், மீனெறி தூண்டிலார் என்று ஓர் உவமையோ ஒரு தொடரோ கவிஞரின் முகவரியாகிவிட்டது. கவிதை எழுதுவோர்க்கு இதனினும் பெரிய பரிசு இருக்க முடியுமா என்று கேட்பவர் உண்டு. பெற்றோர் இட்ட பெயர் போய்விட்டதே என்று வருந்துபவரும் உண்டு. இரண்டாம் கட்சியில் நியாயம் சற்றுக் கூடுதல் என்றே தோன்றுகிறது.

மேற்கோளால் மட்டுமே உயிர்தரித்த நூல்களின் கணக்கு தனி. மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட 'மறைந்துபோன தமிழ் நூல்கள்', உரைகளில் சிதறிக் கிடந்த துணுக்குகளைக் கொண்டு அவற்றை நூல் நூலாக இனங்காட்டியது. அடியார்க்குநல்லார் சுட்டிய பஞ்சமரபு, பல நூற்றாண்டுகள் பெயராக மட்டும் இருந்து, 1973இல் வே. ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர் முயற்சியால் நூலாக வெளிவந்தது. எல்லா நூலுக்கும் அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. முத்தொள்ளாயிரத்தில் இன்று நாம் சுவைக்கும் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்களும் பெரும்பாலும் புறத்திரட்டு என்னும் தொகைநூல் தந்தவை. ஆசிரியர் பெயரை அத்திரட்டும் தரவில்லை.

திரட்டித் தந்தவர் நோக்கம் எஞ்சியதன் உருவத்தையும் தீர்மானித்துவிடுகிறது. வளையாபதியின் பாடல்கள் புறத்திரட்டிலும் உரைகளிலுமாக எழுபதளவில் கிடைக்கின்றன; குண்டலகேசிக்கு அதனினும் குறைவு. புறத்திரட்டின் தொகுப்பாளர் திருக்குறளைப்போல அறமும் பொருளும் தலைப்பிட்டுப் பாடல்களைத் தெரிந்தெடுத்தவர். ஆகவே அவர் கைப்பட்ட காப்பியங்களிலிருந்து நிலையாமையும் கல்வியும் கூடாவொழுக்கமும் பேசும் செய்யுட்களே நமக்கு வந்தன. வளையாபதியில் கதை எங்கே தொடங்கியது, யார் யாரை மணந்தார், எங்கே அழுதார் என்பன போயின. அப்பெரும்புலவர் அறவுரை ஒன்றையே பாடியவர் போல இன்று நமக்குக் காட்சியளிக்கிறார். அவர் பெயரும் தெரியவில்லை. தம்மிடம் ஒரு மறுப்புரை சொல்ல வழியில்லாதவர்மேல் இது எத்துணைப் பெரிய அநீதி!

காக்கைபாடினியார் என்ற பெயரோடு இருவரை நாம் அறிவோம். ஒருவர் சங்கப் புலவர் நச்செள்ளையார். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தில் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடிய பெண்பாற்புலவர். மற்றவர் யாப்பிலக்கணம் செய்தவர். ஆணா பெண்ணா என்பதும் துணிய இயலவில்லை. நச்செள்ளையாருக்கு இச்சிறப்புப் பெயரைத் தந்தது குறுந்தொகையின் 210ஆம் பாட்டு. பிரிந்துபோய் மீண்ட தலைவன், தலைவியை நன்கு ஆற்றியிருக்கச் செய்தாய் என்று தோழியைப் பாராட்டுகிறான். அவள் அப்பாராட்டைத் தனக்கென ஏற்கவில்லை. விருந்து வருமென்று கரைந்து நம்பிக்கை தந்தது காக்கை. நள்ளியின் காட்டு ஆக்களின் நெய்யைத் தொண்டியில் விளைந்த நெல்லின் சோற்றோடு ஏழு கலத்தில் ஏந்தித் தந்தாலும் அதற்குச் சிறிதே என்று மறுமொழி கூறுகிறாள்.

இலக்கணம் செய்த காக்கைபாடினியாரின் நூல் ஏடாக எங்கும் கிடைக்கவில்லை. யாப்பருங்கல விருத்தியிலும் காரிகையுரையிலும் சிதறி நின்ற சூத்திரங்களை ஒருங்கு சேர்த்து இரா. இளங்குமரனார் 'காக்கைபாடினியம்' எனத் தொகுத்தளித்தார். அது கைகூடியதற்குக் காரணம், பழைய உரைகாரர்கள் அச்சூத்திரங்களை எடுத்துக்காட்டிய இடங்களில் 'என்றார் காக்கைபாடினியார்' என்று எழுதி வைத்திருந்தமையே.